தொட்டால் பேசும்

தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்தபின் செல்வினுக்குப் பேச்சு போய்விட்டது. ஃபோனையும் தள்ளி வைத்துவிட்டான். குரல் இல்லாதவனுக்கு அது எதற்கு என்று நினைத்தானோ என்னவோ.

அவன் மனைவி ஜெபராணிக்கு இணையப் பக்கங்கள் செய்வதுதான் வேலை. மொபைல் ஆப் செய்து பழக்கமில்லை. ஆனால் இணையப் பக்கத்தையே உறை போட்டு ஆப் ஆக்கிவிடலாம், ஒரே நிரல் தன் ஆண்ட்ராய்டிலும் அவன் ஐஃபோனிலும் ஓடும் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். அவன் முன்பு அனுப்பியிருந்த குரல் செய்திகளை வெட்டியெடுத்துப் பொத்தான்களில் வைத்தாள். ஆப்பைத் திறந்ததுமே அவன் குரல் கேட்க வேண்டும். அவள் ஃபோனில் கேட்டது. அவன் ஃபோன் மட்டும் மூச்சு விடவில்லை.

அலுவலகத் தோழி பாத்திமுத்து சிரித்தாள். "உன் கோடிங்ல தப்பில்லடி. அந்த ஃபோன்ல விரல் பட்டாத்தான் சத்தம் வரும்."

தன் விரலையே வைத்துப் பார்த்திருக்கலாம். ஜெபராணிக்கு மனம் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனிடம் ஃபோனை நீட்டினாள்.

"நான் செஞ்சது. ஒரேயொரு தடவ தொடுங்க."

அவன் மாட்டேனென்று தலையாட்டினான். அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. கை வலித்து ஃபோன் சரியத் தொடங்கியது. அதைத் தாங்கிப் பிடிக்க வந்தவனின் கட்டைவிரல் திரையில் பட்டுவிட்டது.

"ஏட்டி, எங்க இருக்க?"

அவன் குரலேதான். செல்வின் திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"இங்கனதான் இருக்கேன்" என்றாள் ஜெபராணி.

அவன் மறுபடியும் தொட்டான்.