சைலன்சரில் மூன்று கோடு

காரின் சைலன்சர் குழாயைக் கழற்றி, துருவெல்லாம் போகக் கம்பி பிரஷால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்த பிறகு மாசிலாமணி அதை வெறுங்கையால் தொடவே இல்லை. விரல் பிசுக்குப் பட்ட இடத்தில் பெயிண்ட் சூட்டில் பொரிந்துவிடும். சூடு தாங்கும் கறுப்பு பெயிண்டைக் கையுறையோடு மெல்லிசாகப் பூச்சு மேல் பூச்சாக அடித்து, பட்டறைக் கொக்கியில் மாட்டி, "யாரும் தொடாதீங்க" என்று தொண்டை கிழியச் சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தால் ஈரக் கறுப்பின் மேல் பளிச்சென்று மூன்று கோடாகத் திருநீற்றுப் பட்டை.

"வெள்ளிக்கெழம பூசையில எல்லா வண்டிக்கும் பூசுறதுதானேப்பா" என்றார் பட்டறை முதலாளி சொக்கலிங்கம்.

"பானட்டுல பூசுங்க மொதலாளி, கண்ணாடியில பூசுங்க. பொகை கக்குற கொழாய்க்கு என்னத்துக்குப் பட்டை? ஈரம் காயுற வரைக்கும் சாமி பொறுத்துக்காதா?"

மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும். ஆத்திரத்தோடு மாசிலாமணி உப்புத்தாளை எடுத்தபோது, காரின் சொந்தக்காரர் மனைவியோடு உள்ளே வந்தார். குழாயைப் பார்த்ததும் இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். அந்த அம்மா "லிங்கமாட்டம் இருக்கே, சிவ சிவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பெயிண்ட் கெட்டுப்போச்சும்மா, தேய்க்கணும்" என்று மாசிலாமணி குழாயை நெருங்கினான். சொந்தக்காரர் குறுக்கே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதைத் தொடாதீங்க" என்றார்.