முலாஞ்சே மலையில் ஒரு மாப்பிள்ளை

"மாப்பிள்ளையப் பாக்க யாராவது மலை ஏறுவாங்களாடி? நம்ம லுசாக்காவுல ஓட்டலே இல்லையா?"

மூச்சு வாங்கப் பாறையில் உட்கார்ந்தாள் முட்டிண்டா. மகள் சோல்வே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அவருக்குப் பக்கத்து நாடும்மா, இந்த மலாவி. 'எங்க முலாஞ்சே மலை மேலதான் கேப்பேன்'னு ஒத்தக் கால்ல நிக்கிறார்."

"கேக்கட்டும். உடனே சரின்னு சொல்லிருவேனா? குடிப்பாரா?"

"டீ மட்டும்தான்."

முட்டிண்டா சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. கணவன் இறந்தபின் ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள்.

"நீ போயிட்டா வீட்ல நானும் கோழிங்களும்தான்."

"அதான்மா எனக்கும் கவலை. எந்திரி, வந்தாச்சு."

மேலே, மரக்குடிலின் வாசலில் கோட்டு போட்டுக்கொண்டு நின்றவரைப் பார்த்து முட்டிண்டா திகைத்தாள். மனைவியை இழந்த நியிரெண்டா வாத்தியார்! ஈஸ்டருக்கு லுசாக்கா தேவாலயத்தில் பாட வந்தவர். அன்றிலிருந்து ஜெபம் சொல்கிற சாக்கில் தினமும் அவளிடம் போனில் ஒரு மணி நேரம் பேசுகிறவர்.

"நீங்க எங்க இங்க? மாப்பிள்ளை உங்க சொந்தக்காரப் பையனா?"

"எந்தப் பையனும் கிடையாது." அவர் காட்டுப் பூக்களை நீட்டினார். "நானேதான் கேக்க வந்தேன், முட்டிண்டா. உன்னை."

திரும்பிப் பார்த்தாள். சோல்வே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முட்டிண்டாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. பூக்களை வாங்கிக்கொண்டாள்.

"சோல்வே, நீ கொஞ்சம் அந்தப் பக்கமாப் போய் மேகத்தப் பாருடி."