ஏழு குச்சிகள்

காலையில் வெள்ளையாக விரிந்து, பொழுது சாய்வதற்குள் சிவந்துவிடும் அடுக்குச் செம்பருத்தி அது. அருளப்பனின் மனைவி ரெஜினா, அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வாசலில் வைத்தது. அவளை அடக்கம் செய்த இருபதாம் நாள் குவார்ட்டர்ஸை இடிக்க வண்டி வந்துவிட்டது. அருளப்பன் ஓடிப்போய்க் கிளைகளை ஒடித்து, அவள் செய்யப் பார்த்திருந்தபடியே இலைகளை உருவி, சாண் சாணாக நறுக்கிக்கொண்டார். ஏழு குச்சிகள் தேறின. செடியை வேரோடு அள்ளிப்போய்விட்டார்கள். புது வீட்டு மாடியில் தொட்டியின் முன் உட்கார்ந்தபோதுதான், எந்த முனை மண்ணுக்குள் போக வேண்டும் என்று தெரியாமல் விழித்தார். கொழுந்தியாளைப் போனில் கூப்பிட்டார்.

"அடிப்பக்கத்தச் சாய்ச்சு வெட்டினீங்கல்ல, அத்தான்?"

"ரெண்டு பக்கமும் நேராத்தான் வெட்டினேன், ஸ்டெல்லா."

"கொத்தவரங்கா நறுக்குற மாதிரியா! சரி, கணுவுல மொட்டு எந்தப் பக்கம் பாக்குது?"

"இலைய உருவுறப்ப அதுவும் போயிடுச்சு."

"முப்பது வருசம் அக்கா பக்கத்துல நின்னு என்னத்தப் பாத்தீங்க?"

"தண்ணி ஊத்துன்னா ஊத்துவேன். வேற எதுவும் கேட்டுக்கல."

ஸ்டெல்லாவின் கேலி அடங்கிவிட்டது.

"மூண இப்படி நட்டு வைங்க, மூணத் திருப்பி நட்டு வைங்க. மிச்சம் ஒண்ணப் படுக்க வச்சு மேல மண்ணப் போட்டு மூடிருங்க. அது தானா எந்திரிச்சு வரும்."

ஆறையும் நட்டார். ஏழாவதைக் குழியில் கிடத்தி, ஒரு பிடி மண்ணை அள்ளினார். கை தொட்டிக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

"போட்டாச்சா, அத்தான்?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.