புல்லு சாருக்கு ஒரு நாற்காலி

“ஒரு உறுப்பினர் எல்லார் முன்னாடியும் சத்தம் போடறார். என்ன பண்ணுவீங்க?”

“நானும் சத்தம் போடுவேன்.”

“விளங்கிடும்!” மனைவி கையிலிருந்த தாளால் அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள். “முதல்ல உக்கார வைக்கணும். நின்னுக்கிட்டே கத்தறவருக்குக் கோபம் இறங்காதுங்க. எங்க, திரும்பச் சொல்லுங்க.”

சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில், புது டை கழுத்தை இறுக்க, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

கோல்ஃப் மைதானத்தில் முளைக்கும் ஒவ்வொரு புல்லும் அவர் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக அதே வேலை. கிளப்பில் எல்லோருக்கும் அவர் ‘புல்லு சார்’. இப்போது ஜெனரல் மேனேஜர் ஓய்வு பெறப்போகிறார். வெளியாட்கள் மூன்று பேரைப் பார்த்தும் கமிட்டிக்குத் திருப்தியில்லை. ‘நீங்களும்தான் வாங்களேன்’ என்று தலைவர் ஒரு வார்த்தை சொல்ல, அவரும் வீட்டில் வந்து உளறிவிட்டார். அவ்வளவுதான். மூன்று வாரமாக விடிந்தால் பாடம், பொழுது சாய்ந்தால் பரீட்சை.

“எனக்கு இது ஒத்து வரும்னு தோணல,” என்றார் மெதுவாக.

“போன மழையில நாலு நாள் தண்ணியில நின்னுட்டுக் காய்ச்சல்ல படுத்தீங்களே, அது ஒத்து வந்துதா? முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. படியேறும்போது நீங்க பல்லைக் கடிக்கறது எனக்குத் தெரியாதா? நிழல்ல உக்காந்து வேலை பாருங்கன்னா கசக்குது!”

பதில் சொல்ல வாயெடுத்தவர், அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, டையைச் சரிசெய்துகொண்டு நேர்காணலுக்குக் கிளம்பிவிட்டார்.

கமிட்டி அறையில் ஐந்து பேர் இருந்தார்கள்.

“பெரிய விருந்து நடக்குது. அந்த நேரம் பார்த்துச் சமையல்காரரும் பரிமாறறவரும் அடிச்சுக்கறாங்க. என்ன செய்வீங்க?” என்றார் தலைவர்.

“யார் மேல தப்புன்னு அன்னைக்குக் கேக்கவே மாட்டேன். பந்தி முடியட்டும். மறுநாள் ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டுப் பேசுவேன்.”

தலைவர் பக்கத்திலிருந்த டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா புருவத்தை உயர்த்தினார். அடுத்த கேள்வி. அதற்கும் பளிச்சென்று பதில். அதற்கடுத்ததற்கும் அப்படியே.

“உங்களுக்குப் புல்லைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சோம். அசத்திட்டீங்க,” என்று தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். “இனிமே என்ன பேச்சு? வேலை உங்களுக்குத்தான். சம்மதம்தானே?”

புல்லு சார் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, ஏழாவது குழிக்குப் பக்கத்தில், தண்ணீர் தெளிப்பான் ஒன்று சுற்றாமல் ஒரே இடத்தில் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பார்த்தவர் யாருமில்லை. இன்னும் அரை மணி அப்படியே போனால் அந்த இடம் சேறாகிவிடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பதுதான் இனி பிழைப்பா?

“ஐயா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன்,” என்று எழுந்து நின்றார்.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். ஐந்து பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். வெளியே வந்ததும் டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு நேராகத் தெளிப்பானிடம் போனார். அது சரியாகிச் சுற்ற ஆரம்பித்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“என்னங்க இது கோலம்?” கதவைத் திறந்த மனைவி பதறினாள். “வேலை என்ன ஆச்சு?”

“குடுத்தாங்க. வேண்டாம்னுட்டேன்.”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “கைக்கு எட்டினதை நீங்களே தட்டி விட்டுட்டு வந்திருக்கீங்க. அந்த முட்டியை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள்...”

“முழுசா கேளு. தலைவர்கிட்ட முட்டியைப் பத்தியும் சொன்னேன். இனிமே நான் நடக்க வேண்டாமாம். சுத்தி வர எனக்குன்னு ஒரு பேட்டரி வண்டி, கூட ரெண்டு ஆளு. தண்ணியில இறங்கற வேலை அவங்களோடது.”

“நிஜமாவா?”

“உன் மேல சத்தியமா.”

அவள் நீளமாக மூச்சு விட்டாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக முகம் தெளிந்தது. “இதை முன்னாடியே கேட்டிருந்தா எனக்குத் தொண்டைத் தண்ணியாவது மிஞ்சியிருக்கும். சரி, அந்த நாற்காலிக்கு யார் வரப்போறாங்க?”

“நான் ஒரு ஆளைச் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நேர்ல பார்க்கறாங்க.”

“நல்லா இருக்கு! யாரையோ கூட்டிட்டு வந்து நடு நாற்காலியில உக்கார வெச்சுட்டு, நாளைக்கு அவங்ககிட்ட நீங்க கைகட்டி நிக்கணும்.”

“நின்னுட்டுப் போறேன். பழகினதுதானே!”

“அப்படி என்ன பெரிய ஆளு?”

“எண்பது அறை ஹோட்டலைப் பதினோரு வருஷம் நடத்தினவங்க. பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுட்டாங்க. போன வருஷம் நாலு இடத்துக்கு எழுதிப் போட்டும் ஒருத்தர்கூடக் கூப்பிடல,” என்றவர், மனைவியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “நீ ஒண்ணும் பயப்படாதே. உன் பதிலையெல்லாம் நான் இன்னைக்கே ஒப்பிச்சுட்டேன். அஞ்சு பேருக்கும் பிடிச்சுப் போச்சு!”