தம்பி வாசல் ஏற்றம்

கோயில் மேட்டில் புது ஆட்டோக்கள் திணறும். ஆட்களை இறக்கிவிட்டுத்தான் ஏறும். இறக்கிவிடும் இடம் என் தம்பி சிங்காரவேலுவின் வாசல். பாகம் பிரித்த நாளிலிருந்து அங்கே என் கால் பட்டதில்லை. அதனால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போக, பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவாகத் தேடிப் பிடித்தேன்.

“புகை கக்கும், காதைக் கிழிக்கும். ஆனா இழுவைன்னா இழுவை, உங்க வீம்பு மாதிரிங்க பெரியவரே,” என்றான் ஓட்டுநர் மாசிலாமணி.

மேட்டில் வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. சத்தம் கேட்டுத் தம்பி ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தான். என்னைப் பார்த்து வாயசைத்தான்.

“ஏதோ சொல்றாருங்க. நிறுத்தவா? மேட்டு நடுவுல நிறுத்துனா ஆளோட மறுபடி ஏறாது, நீங்க இறங்கித்தான் ஆகணும்.”

“முறுக்குடா,” என்றேன்.

உச்சியில் எஞ்சின் அணைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவன் வாசலில் புகை இன்னும் கலையவில்லை.