திரும்பாத முதுகு

இணையவழிக் கனவுப் பயிலரங்கில் பெயரும் முகமும் காட்டக்கூடாது. ஒருவர் கண்ட கனவு எல்லோர் திரையிலும் ஓடும். மற்றவர்கள் அர்த்தம் சொல்ல வேண்டும்.

அன்று ஓடிய கனவில் தன் அடுப்படியையே கண்டாள் சுகிர்தா. கைப்பிடி உடைந்த அதே பால் பாத்திரம். அதன்முன் முதுகைக் காட்டி நின்றவளும் அவளேதான். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகள் நறுமுகையைத் தவிர வேறு யாருக்கு இந்தக் கனவு வரும்?

“திரும்பாத முதுகுன்னா வெறுப்புதான் சார்,” என்று ஆளாளுக்கு அளந்துகொண்டிருந்தார்கள்.

சுகிர்தாவுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைத் திறந்தாள்.

“வெறுப்பெல்லாம் இல்லைங்க. பால் பொங்கிடுமேன்னு நிக்கிறாங்க. ஒரு தடவை கூப்பிட்டா திரும்பிடுவாங்க.”

திரையின் கறுப்புக் கட்டங்களில் ஒன்றின் மைக் திறந்தது. மூடிக்கொண்டது. மறுபடியும் திறந்தது.