ஓடத் தோதான ஊர்

"வீட்டை விடுய்யா. இந்தத் தெருவுல நாய் இருக்கா, அதை முதல்ல சொல்லு."

சமையலறைக் கதவைத் திறந்து பிடித்திருந்த வீட்டுத் தரகர், அப்பா கேட்ட கேள்வியில் அப்படியே நின்றுவிட்டார்.

"நாயா? பேருக்குக்கூட கிடையாது சார்."

"பொய் சொல்லாத. வர்றப்பவே ரெண்டு படுத்திருந்துச்சு."

"அதுங்க வயசான நாய் சார். குரைக்கவே சோம்பேறித்தனப்படும்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற நேரமில்லை இது. இரண்டு ஊர்க் கல்லூரிகளிலிருந்து அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்கு இந்த ஊர்க் கல்லூரிமேல்தான் ஆசை. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா போனபிறகு வீட்டில் இருப்பது அவளும் அப்பாவும்தான். எந்த ஊரானாலும் சேர்ந்தே குடிபோவது என்று முடிவு. அதனால் அப்பா தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது. அப்பா சுலபத்தில் தலையாட்டுகிற ஆளில்லை. லாரி மெக்கானிக்காக இருந்தவர். நட்டை முடுக்கியவனே சொன்னாலும் தான் ஒருமுறை திருகிப் பார்த்தால்தான் நம்புவார்.

"அந்த இன்னொரு ஊர் என்ன சார், பிடிக்கலையா? பெரிய ஊராச்சே!"

"பெரிய ஊர்தான். படிக்கிற பசங்க பைக்கை நடைபாதையில ஏத்துறானுங்க. ஓடுற ஆளு எங்க ஓடுறது, உன் தலை மேலயா?"

தரகர் முகம் மலர்ந்தது. "அடடே, பாப்பா ஓட்டப்பந்தயமா? சொல்லவேயில்லையே!"

மகள் வாயைத் திறப்பதற்குள் அப்பா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"பின்னாடி ஏரிக்கரை இருக்குன்னியே, சிமெண்டா, மண்ணா?"

"மண்ணு சார். மெத்தை மாதிரி இருக்கும்."

"நீ சொன்னா ஆச்சா? சிமெண்டுல ஓடினா முட்டி என்னத்துக்கு ஆகும்? நான் போய்ப் பார்க்குறேன்." விடுவிடுவென்று வெளியே போய்விட்டார்.

மகள் குழாயைத் திறந்து பார்த்தாள். நல்ல வேகமாகத் தண்ணீர் வந்தது. வெளிச்சமான அறை. ஜன்னலைத் திறந்தால் கல்லூரிக் கட்டடம். இதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா கொஞ்சம் கறார் போல," என்றார் தரகர்.

"கொஞ்சமாண்ணே?"

ரொம்ப நேரமாக ஆளைக் காணோம். இரண்டு பேரும் தேடிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தார்கள். காற்று சிலுசிலுவென்று அடித்தது. நிழல் இருந்தது, மண் இருந்தது, அப்பாதான் இல்லை.

"வந்ததுதான் வந்த, ஒரு சுத்து ஓடிப் பாரேன் பாப்பா. படிக்க வர்ற ஊரு, பிடிக்க வேணாமா?"

"நானா? கண்ணெதிர்ல பஸ் கிளம்பினாக்கூட நான் நடந்துதான் போவேன்ணே. படிப்பெல்லாம் முடிஞ்சாச்சு. இந்தக் காலேஜ்ல கணக்குப் பாடம் நடத்தக் கூப்பிட்டிருக்காங்க."

"அப்போ ஓடுறது யாரும்மா?"

கரை வளைவில் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, அறுபத்தெட்டு வயது அப்பா புழுதி கிளப்பிக்கொண்டு ஓடி வந்தார். இவர்களைப் பார்த்தும் நிற்கவில்லை. தாண்டிப் போகிற போக்கில் கத்தினார்: "ஊரு பரவால்ல! வேலைக்கு வர்றேன்னு சொல்லிடு!"